புறாவுக்கு நிலம்

(விம்பிள்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் பெருந்தன்மையோடு சொன்னார்கள். இலக்கியத்தையோ சமயத்தையோ எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கலாம். நான் புறாக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். சதுக்கங்களிலும் ரயில் நிலையக் கூரைகளிலும் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்திருக்கும் புறாக்களை ஓரிரு வார்த்தையில் தொட்டுவிட்டு, மனிதர் கையை எதிர்பாராமல் காட்டிலும் புதரிலும் மலைச்சோலையிலும் வாழ்கிற காட்டுப் புறாக்களிடம் போய்விடுவேன். உலகில் சுமார் 350 வகைப் புறாக்கள் இருக்கின்றன. அவற்றில் மிகச் சிலவே நம் தெருவுக்கு வந்தவை. மற்றவை தாம் பிறந்த நிலத்தை நம்பி இருக்கின்றன. அந்த நிலம் போனால் அவையும் போய்விடும்.

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் வழிவந்தவர்கள் என்று சோழர்கள் தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். செம்பியன் என்ற பெயரே அந்த மரபைச் சுட்டுவது. புறநானூற்றுப் புலவர்கள் சோழனைப் பாடும்போது இதை நினைவூட்டுகிறார்கள். கண்ணகி பாண்டியன் அவையில் நின்று தன் ஊரைச் சொல்ல வேண்டி வந்தபோது, புகாரின் பெருமையாக முதலில் எடுத்துச் சொன்னது இந்தச் செய்தியைத்தான். ஒரு பறவைக்கு அளித்த அடைக்கலத்தை ஓர் அரச குலத்தின் முதல் தகுதியாக வைத்துப் பேசிய மொழி நம்முடையது. அந்த மொழியின் பிள்ளைகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறோம். எஃப்ரா ரோட்டில் 1981-இல் கணபதி கோயில் எழுந்த நாளிலிருந்து விம்பிள்டன் நமக்கும் ஊராகிவிட்டது. ஆகவே இங்குள்ள புறாக்களும் நம் பொறுப்பில் வருகின்றன என்பது என் எண்ணம்.

சிபியிடம் வந்த புறாவைத் துரத்தியது ஒரு பருந்து. விம்பிள்டனிலும் பருந்தும் புறாவும் உண்டு. டென்னிஸ் போட்டி நடக்கும் நாட்களில், பார்வையாளர்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே, ரூஃபஸ் என்கிற ஹாரிஸ் பருந்தை மைதானங்களுக்கு மேலே பறக்க விடுகிறார்கள். அதன் நிழலைக் கண்டாலே புறாக்கள் விலகிப் போகும். கொன்று குவிக்காமல் விலக்கி வைக்கும் இந்த முறை நல்ல முறை. உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் செய்தி இது என்பதால் விம்பிள்டன் புறா என்றாலே பலருக்கும் இந்தப் பருந்துதான் நினைவுக்கு வருகிறது. புல்தரையிலிருந்து விரட்டப்படுகிற இந்தப் புறாக்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அடுத்த கூரை அவற்றுக்குக் காத்திருக்கிறது.

நகரப் புறாவின் மூதாதையான மாடப்புறா கடலோரப் பாறைகளிலும் மலை இடுக்குகளிலும் கூடு கட்டிய பறவை. நம் கோயில் கோபுரங்களிலும் பாழ்கிணறுகளிலும் குடியிருப்பது அதே இனந்தான். மனிதன் அதைப் பிடித்து வளர்த்தான். வளர்த்தது தப்பிப் போய் நகரங்களில் பெருகியது. சார்லஸ் டார்வின் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டவுன் கிராமத்து வீட்டில் வளர்ப்புப் புறாக்களை வைத்துத்தான் உயிரினங்கள் மாறும் விதத்தை ஆராய்ந்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய நூலின் முதல் அத்தியாயத்தில் புறாக்களுக்குப் பெரிய இடம் உண்டு. இன்று நிலைமை என்னவென்றால், தப்பிய நகரப் புறாக்கள் பெருகிப் பெருகி, கலப்பில்லாத காட்டு மாடப்புறாவே அரிதாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் மேற்கே அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில்தான் நகரப் புறாவின் கலப்பு மிகக் குறைவாக உள்ள கூட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. புறா எங்கும் நிறைந்திருக்கிறதே, அதற்கென்ன பாதுகாப்பு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். கூட்டம் பெருகியிருக்கிறது, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே காட்டு இனம் கரைந்துகொண்டிருக்கிறது.

நம் மக்களுக்குத் தானியம் இறைப்பது புண்ணியம். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நகரச் சதுக்கத்தில் கொட்டுகிற தானியம் ஒரு காட்டுப் புறாவையும் காப்பாற்றுவதில்லை. டிராஃபல்கர் சதுக்கத்தில் 2003-இல் புறாக்களுக்குத் தீனி போடுவதைத் தடை செய்தார்கள். மும்பையில் நூறாண்டு கால வழக்கமான கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை, 2025-இல் மாநகராட்சி மூடியபோது பெரிய மனக்கசப்பு எழுந்தது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வந்த அறிக்கையும் நகர மாடப்புறா பெருகி வருவதையே சொன்னது. கருணை தவறான இடத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதைச் சரியான இடத்துக்குத் திருப்ப முடியுமா என்பதே இன்றைய பேச்சின் கேள்வி.

சரியான இடம் இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பட்னி ஹீத்தையும் சேர்த்துச் சுமார் 460 ஹெக்டேர். காற்றாலை, குளங்கள், பெவர்லி புரூக் ஓடை, முதிய ஓக் மரங்கள். இது தானாகத் தப்பிப் பிழைத்த நிலம் இல்லை. 1864-இல் இந்த நிலத்தின் உரிமையாளரான ஸ்பென்சர் பிரபு இதில் ஒரு பகுதியை வேலியிட்டுப் பூங்காவாக்கி, இன்னொரு பகுதியை வீடு கட்ட விற்கத் திட்டமிட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். ஏழு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1871-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இந்த நிலத்தை அதன் இயற்கை நிலையிலேயே காக்க ஒரு காப்பாளர் குழுவிடம் ஒப்படைத்தது. எட்டுக் காப்பாளர்களில் ஐந்து பேரைச் சுற்றுவட்டாரத்து வீட்டு வரி செலுத்துவோர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுவெளியிலிருந்து முக்கால் மைலுக்குள் குடியிருப்பவர்கள் அதற்கென ஒரு சிறு வரியும் கட்டுகிறார்கள். இந்த அவையில் அப்படிக் கட்டுபவர்கள் பலர் இருப்பீர்கள். நீங்கள் கட்டும் அந்தப் பணத்தில் ஒரு காட்டுப் புறா குடியிருக்கிறது.

அதன் பெயர் ஸ்டாக் புறா. பெரும்பாலோர் அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும் அறிந்திருக்க மாட்டார்கள். கழுத்தில் வெள்ளைத் திட்டோடு கொழுத்துத் திரியும் வுட்பிஜன் எல்லாப் பூங்காவிலும் உண்டு. அதைவிடச் சிறிதாக, கழுத்திலோ சிறகிலோ வெண்மையே இல்லாமல், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கழுத்தோரம் மயிற்பச்சை மின்ன, கரிய கண்ணோடு இருப்பது ஸ்டாக் புறா. வுட்பிஜன் கிளையில் நாலு குச்சியை வைத்துக் கூடு என்று சொல்லிக்கொள்ளும். ஸ்டாக் புறாவுக்கு மரப்பொந்து வேண்டும். பொந்து என்பது இளமரத்தில் வராது. கிளை ஒடிந்து, அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறி, உள்ளே மெல்ல மெல்ல உளுத்து, ஒரு புறாக் குடும்பம் நுழையும் அளவுக்குக் குழிய ஓர் ஓக் மரத்துக்கு நூறு இருநூறு ஆண்டுகள் ஆகும். நாம் நினைத்தால் பத்தாயிரம் மரக்கன்று நட்டுவிடலாம். ஒரு பொந்தை நட முடியாது.

ஆகவே ஸ்டாக் புறாவைக் காப்பதென்றால் கிழமரத்தைக் காப்பது. அருகிலுள்ள ரிச்மண்ட் பார்க்கிலும் இந்தப் பொதுவெளியிலும் முதிய ஓக் மரங்கள் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. பட்டுப்போன அடிமரங்களையும் விழுந்த கட்டைகளையும் இங்கே அகற்றுவதில்லை. மான்கொம்பு வண்டு என்று சொல்லத்தக்க பெரிய வண்டின் புழுக்கள் மண்ணில் மக்கும் கட்டையைத் தின்று பல ஆண்டு வளர்கின்றன. ஐரோப்பிய அளவில் இந்த இடத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு முதன்மையாக அந்த வண்டுக்காக. வண்டுக்காக விட்டுவைத்த மரத்தில் மரங்கொத்தியும் ஆந்தையும் புறாவும் குடியேறின. நம்மில் சிலருக்கு அந்த உளுத்த மரங்கள் கவனிப்பாரற்ற குப்பையாகத் தோன்றலாம். ஏன் வெட்டிச் சுத்தம் செய்யவில்லை என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்தக் கேள்வியை இனிக் கேட்காதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

இந்தப் புறா ஒருமுறை சாவின் விளிம்புக்குப் போய் வந்தது. 1950-களில் விதைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்ற நஞ்சுகளில் தோய்த்து விதைத்தார்கள். விதை பொறுக்கித் தின்ற புறாக்கள் வயல்களில் செத்து விழுந்தன. செத்த புறாவைத் தின்ற நரியும், புறாவை வேட்டையாடிய வல்லூறும் அந்த நஞ்சில் மாண்டன. ஸ்டாக் புறா இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிகளில் பெரும்பாலும் மறைந்தே போனது. 1960-களில் அந்த நஞ்சுகளைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தியதும் அது திரும்பி வந்தது. இன்று ஐரோப்பாவின் ஸ்டாக் புறாக்களில் பாதிக்கு மேல் பிரிட்டனில்தான் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதனாலேயே இந்த நாட்டுக்கு அதன் மீது தனிப் பொறுப்பு என்று, அக்கறைக்குரிய பறவைகளின் பட்டியலில் அதை வைத்திருக்கிறார்கள். நஞ்சை நிறுத்தினால் பறவை திரும்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அது திரும்பி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: திரும்பி வந்தபோது பொந்துள்ள மரங்கள் அங்கேயே நின்றன.

எல்லாப் புறாவுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. டர்ட்டில் புறாவின் கதை வேறு.

இது நம்மூர்ப் புள்ளிப்புறாவின் அளவு இருக்கும். முதுகில் ஆமையோட்டைப் போலக் கருமையும் செம்பழுப்பும் கலந்த செதில் கோலம், கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், தொண்டைக்குள் உருளுகிற மெல்லிய குரல். ஏப்ரல் இறுதியில் இங்கே வந்து, முள்வேலிப் புதரில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஆகஸ்ட், செப்டம்பரில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிவிடும். ஐரோப்பாவின் புறாக்களில் இவ்வளவு தொலைவு வலசை போவது இது ஒன்றுதான். 2014-இல் சஃபோக்கில் டைட்டன் என்று பெயரிட்ட ஒரு புறாவின் முதுகில் சிறு செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பின்தொடர்ந்தது. அது பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகக் கடல் கடந்து, சஹாரா விளிம்பைத் தாண்டி, மாலி நாடு வரை போனது. ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர், பெரும்பாலும் இரவிலேயே பறந்தது. அடுத்த ஆண்டு அதே சஃபோக்கிற்கு வந்து சேர்ந்தது. நூற்றைம்பது கிராம்கூட எட்டாத ஒரு பறவை செய்த பயணம் இது.

அந்தப் பறவை பிரிட்டனில் 1960-களிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. 2021-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 2,100 இணைகளின் வாழ்விடங்களே தெரிந்தன. அவையும் கென்ட், எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக், சசெக்ஸ் என்று தென்கிழக்கு ஓரத்தில் ஒடுங்கிவிட்டன. லண்டனைச் சுற்றிய புதர்க்காடுகளிலிருந்து அதன் குரல் அற்றுவிட்டது.

ஏன் இப்படி ஆனது? இதில் நான் சற்று நேரம் நிற்க வேண்டும். காரணம் தெளிவாகத் தெரிந்த அழிவு இது, தெரிந்துகொண்டால் தடுக்கலாம். டர்ட்டில் புறாவின் உணவு வயலோரக் களைகளின் பொடிவிதை. களைக்கொல்லி வந்ததும் வயல்கள் சுத்தமாயின. விதை போனது. உணவு குறைந்ததால் அது கூடு கட்டும் தடவைகள் குறைந்தன. ஒரு கோடையில் இரண்டு, மூன்று முறை முட்டையிட்ட பறவை இப்போது அதில் ஏறத்தாழ பாதி அளவே முயல்கிறது. இந்தப் புறா ஒரு தடவைக்கு இரண்டே முட்டையிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடு அழிவது கூடியதைவிட, கூடு கட்டுவதற்கே தெம்பில்லாமல் போனதுதான் இனத்தைச் சாய்த்தது. முள்வேலிகளை வெட்டி வயலைப் பெரிதாக்கியதில் கூட்டுக்கான புதரும் போனது. தப்பியவை தெற்கே போகும் வழியில் சுடப்பட்டன. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் சட்டப்படியே ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பறவைகள் வேட்டையாடப்பட்டு வந்தன.

2021-இல் அந்த நாடுகள் வேட்டையை நிறுத்தி வைத்தன. இரண்டே ஆண்டில் மேற்கு ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்யும் டர்ட்டில் புறாக்கள் கால் பங்கு கூடின. 2025-இல் அளவு வரையறுத்து மீண்டும் வேட்டைக்கு வழிவிட்டிருக்கிறார்கள். அது அவசரமான முடிவு என்றே நான் கருதுகிறேன். அரை நூற்றாண்டாகச் சரிந்த இனத்துக்கு நான்கு பருவம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை எடுப்பது நியாயமில்லை. அதுவும், பிரிட்டனில் அதன் எண்ணிக்கை இன்னும் மேலே ஏறாத நேரத்தில்.

பிரிட்டனில் என்ன நடக்கிறது? 2012 முதல் ஆப்பரேஷன் டர்ட்டில் டவ் என்ற கூட்டுமுயற்சியில் ஆர்.எஸ்.பி.பி.யும் அரசின் இயற்கைத் துறையும் விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்கின்றன. வயலோரத்தில் விதைச்செடிகளுக்கு ஒரு கீற்று நிலம், அருகே ஒரு குட்டை, வெட்டாமல் விட்ட முள்வேலி. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புறா தங்கும். விதை தின்னும் பறவைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும் என்பதைக் குட்டைகளைத் தூர்த்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டு வெஸ்ட் சசெக்ஸிலுள்ள நெப் பண்ணை. நேரம் கிடைக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்; இங்கிருந்து ஒரே நாளில் போய் வரலாம். சார்லி பர்ரெல், இசபெல்லா ட்ரீ தம்பதியர் களிமண் நிலத்தில் விவசாயம் நட்டமானதும் 2001 முதல் 3,500 ஏக்கரில் உழவைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். நீண்ட கொம்பு மாடு, எக்ஸ்மூர் குதிரை, டாம்வர்த் பன்றி, மான் ஆகியவற்றை மேய விட்டார்கள். வேலி புதரானது, புதர் வயலுக்குள் புகுந்தது. பன்றிகள் மண்ணைக் கிளறிய இடங்களில் களைகள் முளைத்து விதை விட்டன. யாரும் கொண்டுவந்து விடாத டர்ட்டில் புறாக்கள் தாமே வந்தன. இரண்டு மூன்று என்றிருந்த கூவும் ஆண் பறவைகள் இருபது வரை உயர்ந்தன. அக்கம்பக்கத்து விவசாயிகள் தொடக்கத்தில் கோபப்பட்டார்கள்: நல்ல நிலத்தை இப்படிப் பாழாக்கலாமா என்று. உணவு விளைய வேண்டிய நிலத்தை முழுவதும் இப்படி விட முடியாது என்பது உண்மைதான். எல்லா வயலும் நெப் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரப்போரத்தையாவது, பயிருக்கு ஆகாத மூலையையாவது புறாவுக்கு விடலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கழுத்தில் கறுப்பு வளையத்தோடு மூன்று அசையில் கூவுகிற வெளிறிய புறா ஒன்று வரும். அது நம் ஊர்க் கள்ளிப்புறாதான். இந்தியப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல மேற்கே பரவி, துருக்கியையும் பால்கன் நாடுகளையும் தாண்டி, 1955-இல் நார்ஃபோக்கில் முதன்முதலாகக் கூடு கட்டியது. யாரும் கொண்டுவரவில்லை, தன் சிறகாலேயே வந்தது. நம்மில் பலருடைய தாய் தந்தையர் இந்த நாட்டுக்கு வரத் தொடங்கிய காலமும் அதை ஒட்டியதுதான். வந்த பறவையை இந்த நாடு தன் பறவையாகவே ஏற்றுப் பட்டியலிட்டிருக்கிறது.

இனி நம் சொந்த மலைகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றால் வியப்பில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை. மரகதப்பச்சைச் சிறகும் பவழ நிற அலகும் கொண்ட அந்தப் பறவை அடர்காட்டின் தரையில், உதிர்ந்த பழங்களையும் விதைகளையும் தேடி ஒற்றையாகவோ இணையாகவோ நடக்கும். ஆள் அரவம் கேட்டால் தாழப் பறந்து நிழலில் மறைந்துவிடும். ஈழத்துக் காடுகளிலும் உண்டு. அதற்கு நிழல் வேண்டும், சருகு வேண்டும், பழமரம் வேண்டும். தானியத் தட்டு அதற்கு எதற்கும் பயன்படாது.

அதைவிட நெருக்கடியில் இருப்பது நீலகிரிக் காட்டுப்புறா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பெரிய உடல், சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு, பின்கழுத்தில் சதுரங்கப் பலகையைப் போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டை. சோலைக் காட்டு மரங்களின் பழத்தை முழுதாக விழுங்கி, வேறிடத்தில் விதையை எச்சத்தோடு விடுகிறது. காட்டிலவங்க வகை மரங்களின் பெரிய பழத்தை விழுங்கும் அளவுக்கு வாயகன்ற பறவைகள் சோலையில் அதிகமில்லை. அதனால் இந்தப் புறா அற்றுப்போனால் அந்த மரங்களின் அடுத்த தலைமுறை தாய்மரத்தின் காலடியிலேயே முடங்கும்.

சோலை என்பது நீலகிரியிலும் பழனியிலும் ஆனைமலையிலும் மலைமடிப்புகளில், புல்வெளிகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடையாக விடுவது அதன் இயல்பு. தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை மரத்துக்கும் அது இரண்டு நூற்றாண்டாகப் பலியாகி வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் அரசே தொழிற்சாலைகளுக்காக அந்நிய மரங்களை நட்டுக் கொடுத்தது. புல்வெளியைப் பாழ்நிலம் என்று ஏட்டில் எழுதியதன் விளைவு அது. அந்த மரங்களில் புறாவுக்குப் பழமில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல தொடக்கம். உண்ணிச்செடியையும் சீகையையும் வெட்டுவது எளிது. வெட்டிய இடத்தில் சோலை மரம் வளர்ந்து காய்க்க ஒரு தலைமுறை ஆகும் என்பதை ஒப்பந்தக் கணக்கு மறந்துவிடக் கூடாது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. நூறு ஹெக்டேருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. சுற்றிலும் தேயிலைத் தோட்டமும் ஊர்களும். அந்த ஊர்களுக்குக் குடிநீர் அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது. உள்ளூர் மக்கள் குழு அமைத்து, விறகு வெட்டையும் குப்பையையும் தடுத்து, மாணவர்களை அழைத்து வந்து காட்டி, அதைக் காத்து வருகிறார்கள். அங்கே அதிகாலையில் நீலகிரிக் காட்டுப்புறாவின் ஆழ்ந்த குரலைக் கேட்கலாம். 1871-இல் விம்பிள்டன்காரர்கள் செய்ததும், கோத்தகிரிக்காரர்கள் இன்று செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை. ஊரே முன்வந்து நிலத்தைக் காத்தது. புறா அதில் தங்கிக்கொண்டது.

இலங்கையின் மலைநாட்டிலும் இதற்கு உடன்பிறப்பு போன்ற ஒரு காட்டுப்புறா உண்டு. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களின் மலைக்காடுகளைத் தவிர அதற்கும் வேறு உலகம் இல்லை. அந்தக் காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகள் நம் மலையகத் தமிழருடைய கைகள். நடச் சொன்னவர்கள் வேறு. அந்த உழைப்பாளர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். எஞ்சிய மலைக்காட்டைக் காப்பதில் அவர்களுக்குச் சொல்லுரிமை மிக அதிகம் என்று நான் நம்புகிறேன்.

நம்பிக்கை தரும் ஒரு கதையும் தமிழர் வாழும் தீவிலிருந்தே கிடைக்கிறது. மொரீஷியஸில் டோடோ என்ற பறக்காத பறவை இருந்தது. அதுவும் புறாக் குடும்பந்தான். பதினேழாம் நூற்றாண்டில் அழிந்தது. அதே தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்து அளவுக்குக் குறைந்தது. எலியும் பூனையும் கீரியும் முட்டையைத் தின்றன. இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. ஜெரால்டு டரெல் 1976-இல் அங்கே போய்ப் பறவைகளைப் பிடித்து வளர்த்துப் பெருக்கும் முயற்சியைத் தொடங்கினார். கார்ல் ஜோன்ஸும் மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளையினரும் பல பத்தாண்டுகள் கூடவே இருந்து அதைக் காட்டுக்குத் திருப்பினார்கள். இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2018-இல் அதன் ஆபத்து நிலை ஒரு படி இறக்கப்பட்டது. ஆனாலும் காடு போதாததால் அவற்றுக்கு இன்றும் உணவு வைக்க வேண்டியிருக்கிறது; அருகருகே கூடித் தின்பதால் தொண்டை நோய் பரவுகிறது. இனத்தைக் கூண்டில் பெருக்கிவிடலாம். வாழக் காடு இல்லையென்றால் அந்த வெற்றி பாதிதான்.

அமெரிக்காவில் வானத்தை மறைக்கும் அளவுக்குப் பறந்த பயணிப்புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மார்த்தா என்ற கடைசிப் பறவையோடு முடிந்தது. எண்ணிக்கை பெருகியிருப்பது பாதுகாப்பு இல்லை என்பதை அந்த ஒரு சாவு சொல்லிவிட்டது.

இனி நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பொதுவெளியில் நாயோடு நடக்கும்போது, வசந்தத்திலும் கோடையிலும் புதர்ப் பக்கத்தில் கயிற்றை விடாதீர்கள். காப்பாளர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு வந்தால் தூக்கிப் போடாமல் வாக்களியுங்கள், தகுதியுள்ளவர்கள் போட்டியிடுங்கள். நம் சமூகத்திலிருந்து ஒருவர் அந்தக் குழுவில் உட்காரட்டும். தோட்டத்தில் பறவைக்குத் தீனி வைப்பவர்கள் தட்டை வாரந்தோறும் கழுவிக் காய வையுங்கள். ஃபிஞ்ச் குருவிகளையும் புறாக்களையும் கொல்லும் தொண்டை நோய் அழுக்குத் தட்டில்தான் பரவுகிறது. தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை ஆர்.எஸ்.பி.பி.யே 2025-இல் நிறுத்தி வைத்தது அதனால்தான். தோட்டத்தின் ஒரு மூலையில் வெட்டாத முள்வேலி ஒன்று இருக்கட்டும்.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். உங்கள் தாத்தாவின் தோப்பையும் குளக்கரைப் புதரையும் கோயில் காட்டையும் விலை பேசும்போது, அங்கே கூவுகிற புள்ளிப்புறாவையும் பச்சைப்புறாவையும் கணக்கில் சேருங்கள். ஆலும் அத்தியும் நாவலும் நிற்கட்டும். மனை போடத்தான் வேண்டும் என்றால் அந்த மரங்களை விட்டுப் போடுங்கள். இந்த அறக்கட்டளைக் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன்: அடுத்த ஆண்டு முதல் சொற்பொழிவுக்கு ஆகும் செலவுக்கு நிகராக ஒரு தொகையை நீலகிரிச் சோலை மீட்புக்கு ஒதுக்குங்கள். வரும் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் காமனுக்கு அழைத்துச் சென்று ஸ்டாக் புறாவைக் காட்ட நான் வருகிறேன். பெற்றோர்களும் வாருங்கள்.